ஒரே வீடு, இரண்டு மணிக்கூலி, இரண்டு லீவுக் கணக்கு

கேள்வி இது: "நானும் கணவரும் லண்டனில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை செய்கிறோம். நான் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில். ஒப்பந்தப்படி வாரம் 24 மணித்தியாலம், மணிக்கு 13 பவுண்டு. ஆள் குறைந்தால் மேலதிகமாகவும் கூப்பிடுவார்கள். அவர் பெற்றோல் நிலையத்தில். வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும், மணிக்கு 13.70. 'உங்களுக்கு லீவுக் காசு 12.07 சதவீதம், அதை மாதச் சம்பளத்தோடு சேர்த்துப் போட்டுவிடுகிறோம், லீவில் போனால் சம்பளம் வராது' என்று என் முகாமையாளர் சொல்கிறார். '13.70க்குள் லீவுக் காசும் அடக்கம்' என்று கணவருடைய முதலாளி சொல்கிறார். ஆகஸ்டில் மூன்று வாரம் யாழ்ப்பாணம் போக இருக்கிறோம். எங்களுக்குச் சம்பளத்தோடு லீவு உண்டா, இல்லையா?"

உண்டு, தங்கச்சி. இரண்டு பேருக்கும் உண்டு. வருடத்துக்கு 5.6 வாரம், சம்பளத்தோடு. ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் கணக்குப் போடும் முறை வேறு. உங்கள் முகாமையாளர் கணவருக்குரிய கணக்கை உங்கள் தலையில் கட்டுகிறார். கணவரின் முதலாளி ஒரு கணக்கும் போடாமல் வாயால் முடிக்கிறார். கணக்காளர் அலுவலகத்தில் இருந்து பல வருடங்களாகச் சின்னக் கடைகளுக்கும் இல்லங்களுக்கும் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். இந்த இரண்டு பேச்சும் எனக்குப் பழக்கமானவை. முதலாளி மார்ச் மாதக் கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, லீவுக் காசு எல்லாம் ரேட்டுக்குள்ளேயே இருக்குத்தானே?" என்று கேட்பார். அவர் எதிர்பார்க்கும் பதிலை நான் சொல்வதில்லை.

மணிக்கூலி என்றால் லீவு இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஊரில் நாட்கூலிக்குப் போனால் போகாத நாளுக்குக் காசில்லை. அந்தப் பழக்கம் விமானம் ஏறி வந்திருக்கலாம். இங்கே 1998ஆம் ஆண்டின் வேலை நேர ஒழுங்குவிதிகள் மாதச் சம்பளக்காரர், மணிக்கூலிக்காரர் என்று ஆளைப் பிரிப்பதில்லை. தொடக்கத்தில் வருடத்துக்கு 3 வாரம் தந்தார்கள். 1999 நவம்பரில் அது 4 வாரமானது. அப்போது கெட்டிக்கார முதலாளிமார் நத்தார், ஈஸ்டர் போன்ற 8 வங்கி விடுமுறைகளையும் அந்த 20 நாளுக்குள்ளேயே கழித்தார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. தொழிற்சங்கங்கள் சத்தம் போட்ட பிறகு அந்த 8 நாட்களுக்கு ஈடாக 2007 ஒக்டோபரில் 4.8 வாரமாகவும், 2009 ஏப்ரலில் 5.6 வாரமாகவும் உயர்த்தினார்கள். வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு 5 × 5.6 = 28 நாள். 20உம் 8உம் சேர்ந்த 28. வாரம் ஆறு நாள் வேலை செய்தாலும் சட்டப்படியான உச்சம் 28தான்.

இதில் இருந்து ஒரு விஷயம் தானாக விளங்கும். வங்கி விடுமுறை அன்று வீட்டில் இருக்கும் உரிமையோ, அன்று வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் வாங்கும் உரிமையோ சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெற்றோல் நிலையங்களில் நத்தார் அன்று நிற்பவர்கள் பலர் எங்கள் ஆட்கள்தான். இரட்டைச் சம்பளம் தராத முதலாளியை வையலாம், வழக்குப் போட முடியாது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். உங்கள் ஒப்பந்தம் வாரம் 24 மணித்தியாலம் என்கிறது. 24 × 5.6 = 134.4 மணித்தியாலம். நாள் கணக்கில் பார்த்தால், வாரம் மூன்று நாள் எட்டெட்டு மணித்தியாலமாக, 16.8 நாள். மணிக்கு 13 பவுண்டுப்படி 1,747 பவுண்டு 20 பென்ஸ். இது உங்கள் ஒரு வருடத்து அடிப்படை உரிமை. லீவில் நிற்கும் வாரத்தில் இந்தப் பணம் உங்கள் கைக்கு வர வேண்டும். வேலை செய்யும் மாதத்தில் சிறிது சிறிதாகப் பிரித்துப் போட்டுவிட்டு, லீவு மாதத்தில் சம்பளச் சீட்டில் பூச்சியம் காட்டுவது உங்கள் விஷயத்தில் சட்டத்துக்குப் புறம்பு.

முகாமையாளர் சொல்லும் 12.07 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வருடத்தில் 52 வாரம். அதில் 5.6 லீவு. மிச்சம் 46.4 வாரம் வேலை. 5.6ஐ 46.4ஆல் வகுத்தால் 0.1207. அதாவது வேலை செய்யும் ஒவ்வொரு 100 மணித்தியாலத்துக்கும் 12 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் லீவு சேர்கிறது. கணக்கு பிழையில்லை. யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் எல்லாச் சண்டையும் நடந்தது.

அந்தச் சண்டையை உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) வரை கொண்டுபோனவர் ஒரு சங்கீத ஆசிரியை. பெட்ஃபோர்டில் ஹார்ப்பர் அறக்கட்டளை நடத்தும் பெண்கள் பாடசாலை ஒன்றில் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் கற்பித்த லெஸ்லி பிரேசில். மணிக்கூலி. பாடசாலைத் தவணை நடக்கும் வாரங்களில் மட்டும் வேலை. ஆனால் ஒப்பந்தம் வருடம் முழுவதற்கும் நிரந்தரம். 2011 முதல் பாடசாலை அவர் உழைத்ததில் 12.07 சதவீதத்தை லீவுக் காசாகக் கொடுத்தது. அவரோ, "சட்டம் 5.6 வாரம் என்று சொல்கிறது. என் சராசரி வாரச் சம்பளத்தை 5.6ஆல் பெருக்கித் தாருங்கள்" என்றார். வருடத்தில் 32 வாரம் வேலை செய்கிறவருக்கு அப்படிப் பார்த்தால் 17.5 சதவீதம் வரும். முதலில் தோற்றார், பிறகு மேல்முறையீட்டில் வென்றார். 2022 யூலை 20 அன்று உயர் நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. முழு வருடம் உழைப்பவரை விட விகிதத்தில் அவருக்கு அதிகம் கிடைக்கிறதே என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. சட்டத்தில் எழுதாத ஒரு சதவீதத்தை முதலாளி தானாக நுழைக்க முடியாது என்றார்கள். நான் சம்பளம் போடும் இரண்டு பாடசாலை உணவகங்களின் கணக்கை அந்தக் கோடையில் திருப்பி எழுதினேன். முதலாளிமார் என்னை வைதார்கள், நானா தீர்ப்பு எழுதினேன்?

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அரசு 2023இல் புதிய ஒழுங்குவிதி கொண்டுவந்து, முன்பு சட்டத்தில் இல்லாத 12.07ஐச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது. 2024 ஏப்ரல் 1 அன்றோ அதன் பிறகோ தொடங்கும் லீவு வருடங்களுக்கு (முதலாளி லீவைக் கணக்கிடும் பன்னிரண்டு மாதங்களுக்கு) அது பொருந்தும். ஆனால் இரண்டே வகையினருக்கு மட்டும். ஒன்று, வருடத்தின் சில பகுதிகளில் மட்டும் வேலை செய்து, இடையில் குறைந்தது ஒரு வாரமாவது வேலையும் சம்பளமும் இல்லாமல் இருப்பவர்கள். மற்றது, ஒப்பந்தத்தின்படி வேலை நேரம் முழுவதுமோ பெரும்பகுதியோ மாறிக்கொண்டே இருப்பவர்கள்.

"ஒப்பந்தத்தின்படி" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. உங்கள் ஒப்பந்தத்தில் 24 என்று எழுதியிருக்கிறது. ஆள் வராத நாளில் மேலதிகமாக உங்களைக் கூப்பிடுவதால் நீங்கள் "நேரம் மாறும் வேலையாள்" ஆகிவிட மாட்டீர்கள். ஒருவர் ஒரு வாரம் 15, அடுத்த வாரம் 20 மணித்தியாலம் என்று மாறி மாறி வேலை செய்தாலும், அந்தச் சுழற்சி ஒப்பந்தத்தில் நிலையாக இருந்தால் அவரும் அந்த வகையில் வரமாட்டார். மணிக்கூலி என்பது சம்பளத்தை எண்ணும் முறை, அவ்வளவுதான். பகுதிநேரம் என்பதும் அப்படியே. உங்கள் முகாமையாளர் இந்த இரண்டையும் "நேரம் மாறும் வேலை" என்பதோடு போட்டுக் குழப்பியிருக்கிறார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்ற ஆராய்ச்சி வேண்டாம். பெரும்பாலும் சம்பளக் கணினியில் யாரோ ஒரு பெட்டியில் தவறாகச் சரி அடையாளம் போட்டிருப்பார்கள். கடிதம் எழுதும்போது அப்படியே எடுத்துக்கொண்டு எழுதுங்கள், சண்டை குறையும்.

உங்களுக்கு இன்னொரு பணமும் வர இருக்கிறது. மேலதிக நேரம் என்றீர்களே, அது எப்போதாவது ஒருநாளா, அல்லது வழக்கமாகவே நடக்கிறதா? வழக்கம் என்றால் லீவுச் சம்பளத்திலும் அது சேர வேண்டும். லீவில் நிற்கும்போது வழக்கமாகக் கைக்கு வரும் சம்பளம் குறையக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டத்தில் இருந்து வந்த கொள்கை. ஐரோப்பாவை விட்டு வெளியேறிய பிறகும் அதை இங்கே எழுத்தில் வைத்திருக்கிறார்கள். 5.6 வாரத்தில் 4 வாரத்துக்காவது அது கட்டாயம். கடந்த 52 வாரத்தில் சராசரியாக வாரம் 6 மணித்தியாலம் மேலதிகமாகச் செய்தீர்கள் என்று வையுங்கள். உங்கள் உண்மையான வாரச் சம்பளம் 24 மணித்தியாலத்துக்கான 312 பவுண்டு இல்லை, 30 மணித்தியாலத்துக்கான 390. வாரத்துக்கு 78 வித்தியாசம். நாலு வாரத்துக்கு 312 பவுண்டு. ஒரு வாரத்து அடிப்படைச் சம்பளம் முழுதாகவே வருடாவருடம் விடுபட்டுப் போகிறது. பராமரிப்பு இல்லங்களில் நான் கண்ட பிழைகளில் இதுதான் அதிகம், ஆனால் யாரும் கேட்பதில்லை. லீவுச் சம்பளம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் எவ்வளவு வந்தது என்று பார்ப்பதில்லை.

இரவு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 12 மணித்தியால இரவு ஷிப்ட் ஒன்றுக்கு லீவு போட்டால், சில இடங்களில் லீவு இருப்பில் இருந்து 12ஐக் கழித்துவிட்டுச் சம்பளத்தை 8க்குக் கொடுப்பார்கள். கழித்தது எவ்வளவோ, கொடுப்பதும் அவ்வளவாக இருக்க வேண்டும்.

இனிக் கணவரின் கதை. வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது, ஒப்பந்தத்திலும் நிலையான எண் இல்லை என்றால் அவர் நேரம் மாறும் வேலையாள்தான். அவருக்கு 12.07 பொருந்தும். ஒவ்வொரு சம்பளக் காலத்தின் கடைசி நாளிலும் அந்த மாதம் வேலை செய்த மணித்தியாலத்தில் 12.07 சதவீதம் லீவாகச் சேரும். ஒரு மாதம் 137 மணித்தியாலம் செய்தார் என்றால் 16.54. அரை மணித்தியாலத்துக்கு மேல் என்பதால் 17 ஆகக் கூட்டுவார்கள். அடுத்த மாதம் 92 என்றால் 11.10, அது 11 ஆகக் குறையும். அந்த மணித்தியாலங்களைச் சேர்த்து வைத்து லீவாக எடுக்கலாம். எடுக்கும்போது கடந்த 52 வாரத்துச் சராசரிச் சம்பளப்படி பணம் வரும். சம்பளமே வராத வாரங்களை அந்த 52இல் சேர்க்கக் கூடாது. அவற்றைத் தாண்டி இன்னும் பின்னுக்குப் போய், 104 வாரம் வரை தேடி, சம்பளம் வந்த 52 வாரத்தை எடுக்க வேண்டும். போன வருடம் அவர் சம்பளமில்லாமல் ஊருக்குப் போய் நின்ற வாரங்கள் இந்த வருடத்துச் சராசரியை இழுத்து விழுத்தக் கூடாது.

லீவைச் சேர்க்காமல் மாதாமாதம் சம்பளத்தோடேயே 12.07 சதவீதத்தைக் கொடுத்துவிடும் வழியும் இப்போது அவரைப் போன்றவர்களுக்கு உண்டு. 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிழை என்று சொன்ன முறையைத்தான் 2024 முதல் இந்த வகையினருக்கு மட்டும் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆகவே அவருடைய முதலாளி அந்த வழியில் போகலாம். ஆனால் அதற்கு நிபந்தனை இருக்கிறது. சம்பளச் சீட்டில் லீவுக் காசு தனி வரியாக இருக்க வேண்டும். அந்த மாதத்து மொத்தச் சம்பளத்தில் 12.07 சதவீதமாவது இருக்க வேண்டும். "அடக்கம்" என்று வாயால் சொல்வது ஒரு நிபந்தனையையும் நிறைவேற்றாது.

அந்த 13.70ஐ நான் பேனா எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். 13.70ஐ 1.1207ஆல் வகுத்தால் 12.22. அதாவது மணிக்கு 12 பவுண்டு 22 பென்ஸ் வேலைக்கு, மிச்சம் லீவுக்கு. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 12.21. ஒரு பென்ஸ் மேலே! யாரோ கணக்குத் தெரிந்தவர் அந்த 13.70ஐ அளந்து வைத்திருக்கிறார். ஆனால் 2026 ஏப்ரலில் குறைந்தபட்சம் 12.71 ஆகிவிட்டது. லீவுக் காசைக் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே லீவும் அடக்கம் என்று சொல்ல விரும்புகிறவர் மணிக்கு 14.25ஆவது கொடுக்க வேண்டும். 13.70 "அடக்கம்" என்று அவர் இன்னமும் சொன்னால், குறைந்தபட்சச் சம்பளமே கொடுக்கவில்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். அடக்கமில்லை, 13.70 முழுவதும் வேலைக்குத்தான் என்றால், லீவுக் காசு ஒரு சதமும் கொடுக்கவில்லை என்றாகும். எந்தப் பக்கம் போனாலும் அவருக்குச் சிக்கல். முதலாளியோடு கதைக்கும்போது கணவர் வேறு சட்டம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஒரு வகுத்தலைக் காட்டினால் போதும்.

மாதாமாதம் லீவுக் காசு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். அது போனஸ் இல்லை. லீவில் நிற்கும் வாரத்தில் ஒன்றும் வராது. எங்கள் ஆட்கள் அதையும் சேர்த்துச் சீட்டுக் கட்டிவிடுகிறார்கள், பிறகு ஆகஸ்டில் விமானச் சீட்டு விலை ஏறும் நேரத்தில் கையைப் பிசைகிறார்கள். இன்னொன்று: காசைத் தந்துவிட்டேன், ஆகவே லீவு தர முடியாது என்று முதலாளி சொல்ல முடியாது. லீவு நாளும் வேலையாளுக்கு உண்டு. அதேபோல, லீவை எடுக்காமல் விற்றுக் காசாக்குவதும் வேலையில் இருக்கும் வரை சட்டப்படியான 5.6 வாரத்துக்கு முடியாது. வேலையை விட்டுப் போகும்போது மட்டும்தான் மிச்ச லீவைக் காசாக்கித் தருவார்கள். தர வேண்டும். சண்டை போட்டு வெளியேறினாலும், ஒழுக்கக் குற்றம் என்று நீக்கினாலும் சேர்ந்த லீவுக்கான காசு சேர்ந்ததுதான்.

யாழ்ப்பாணப் பயணத்துக்கு: எத்தனை நாள் லீவோ, அதைப்போல் இரண்டு மடங்கு முன்னதாகக் கேட்க வேண்டும். மூன்று வாரம் என்றால் ஆறு வாரம் முன்பு. மறுப்பதென்றால் அவர்கள் லீவு தொடங்குவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பாவது மறுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு கெடு எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்தில் இருந்து தீர்த்தம் வரை நிற்க ஆசைப்பட்டு விமானச் சீட்டை முதலில் வாங்கிவிட்டு லீவை இரண்டாவதாகக் கேட்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். லீவு உங்கள் உரிமை. எப்போது எடுப்பது என்பதில் முதலாளிக்கும் ஒரு வாய் இருக்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு காசைக் கட்டுங்கள்.

லீவு வருடம் முடியும்போது எடுக்காத நாட்கள் பொதுவாக அழிந்துபோகும். ஆனால் லீவு எடுங்கள், எடுக்காவிட்டால் போய்விடும் என்று முதலாளி சொல்லவில்லை, எடுக்க வழியும் விடவில்லை என்றால் சட்டத்தின் 4 வாரப் பகுதி அடுத்த வருடத்துக்கு வரும். நோயில் கிடந்தாலோ மகப்பேற்று லீவில் இருந்தாலோ லீவு தொடர்ந்து சேரும், கொண்டுபோகவும் முடியும்.

சில கடைகளில் மூன்றாவது பேச்சு ஒன்று இருக்கிறது. "உங்களை செல்ஃப் எம்ப்ளாய்ட் என்று போட்டிருக்கிறேன், லீவு வராது." கணவரிடம் அப்படி ஏதும் கையெழுத்து வாங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கிறது. ஊபர் சாரதிகளைச் சுயதொழிலாளர் என்றுதான் அந்த நிறுவனம் எழுதி வைத்திருந்தது. 2021 பெப்ரவரி 19 அன்று உயர் நீதிமன்றம் அவர்கள் வேலையாட்கள், லீவுச் சம்பளமும் குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு என்றது. ரோட்டாவை (வேலை நேரப் பட்டியலை) முதலாளி எழுதுகிறார், சட்டையை முதலாளி தருகிறார், வராவிட்டால் முதலாளி ஏசுகிறார். இதில் எங்கே இருக்கிறது சுயதொழில்? மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சட்டப்படி செய்யும் மணித்தியாலங்களுக்கு இதே உரிமை. ஆனால் பாதியைச் சீட்டிலும் பாதியைக் கடித உறையிலும் வாங்குகிறவர்கள், அந்த உறைக் காசுக்கும் லீவு கேட்கப் போகும் முன் நல்ல ஆலோசனை எடுங்கள். வரியும் விசாவும் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும்.

கேட்கும் முறை. முதலில் எழுத்தில் கேளுங்கள். குறுஞ்செய்தி போதும். நீங்கள் உங்கள் முகாமையாளருக்கு எழுத வேண்டியது: ஒப்பந்தப்படி வாரம் 24 மணித்தியாலம், ஆகவே நான் நேரம் மாறும் வேலையாள் இல்லை, 134.4 மணித்தியால லீவில் எவ்வளவு மிச்சம், வழக்கமான மேலதிக நேரத்தைச் சேர்த்து லீவுச் சம்பளம் எவ்வளவு. இவ்வளவுதான். கணவர் கேட்க வேண்டியது இன்னும் சுருக்கம்: சம்பளச் சீட்டில் லீவுக் காசு எந்த வரி? 2019 ஏப்ரலில் இருந்து, மணித்தியாலத்துக்கு ஏற்ப மாறும் சம்பளம் வாங்குகிறவர்களின் சீட்டில் எத்தனை மணித்தியாலம் என்று எழுதுவதும் கட்டாயம். சீட்டே தருவதில்லை என்றால் அதுவே தனிக் குற்றச்சாட்டு.

பதில் வராவிட்டால் ஏகாஸ் என்ற அரசு சார்ந்த சமரச அமைப்பு. இலவசம். தொழில் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் அவர்களிடம் பதிவு செய்வது கட்டாயமும்கூட. தீர்ப்பாயத்திலும் கட்டணம் இல்லை. 2013இல் கட்டணம் போட்டார்கள், 2017இல் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று தூக்கி எறிந்தது. கெடுதான் முக்கியம். காசு வந்திருக்க வேண்டிய நாளில் இருந்து 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. இதை 6 மாதமாக்க 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், 3 மாதம் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். தொடர்ச்சியாக விடுபட்ட காசுக்கு அதிகபட்சம் இரண்டு வருடம் பின்னுக்குப் போகலாம். இதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு. வட அயர்லாந்தில் விதி வேறு, 12.07 மாற்றம் அங்கே போகவில்லை.

உரிமையைக் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்கினால் அது தனிப் பிழை, அதற்கு இத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பயம் இரண்டாவது. முதல் பயம், முதலாளி ஊர்க்காரர், கலியாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும் என்பது. அது எனக்கும் விளங்கும். என் அனுபவத்தில், தாளில் கணக்கோடு போனவர்களிடம் ஊர்க்கார முதலாளிமார் பெரும்பாலும் வழிக்கு வந்திருக்கிறார்கள். "என்னை ஏமாற்றுகிறீர்கள்" என்று தொடங்கியவர்களிடம்தான் வீம்பு காட்டினார்கள். பெற்றோல் நிலையம் வைத்திருந்த ஒருவர் என்னிடம் கேட்டார், "நான் கொடுக்க வேண்டியதுதான் என்று நீ ஏன் முதலே சொல்லவில்லை?" மூன்று மார்ச் மாதம் தொடர்ந்து சொல்லியிருந்தேன்.

கணவர் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவருடைய நிலையத்தில் ரோட்டாவைக் கணினியில் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பணப்பெட்டிக்குக் கீழே ஒரு சி.ஆர். கொப்பி கிடக்கும், அதில் யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று முதலாளி பென்சிலால் எழுதியிருப்பார். தன் பெயர் உள்ள பக்கங்களை அவர் தொலைபேசியில் படம் எடுத்து வைக்கட்டும், தேதி தெரியும்படி. கொப்பி நிரம்பினால் புதுக் கொப்பி வரும், பழையது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.